கிருஷ்ணகிரி, தர்மபுரி: சனி ஞாயிறில் பள்ளத்தாக்கும் பழங்கோயில்களும் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவே ஓடுகிறவர்களுக்குக் கிருஷ்ணகிரி என்றால் டோல்கேட், தர்மபுரி என்றால் தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் டீ குடிக்கும் இடம். நாலுவழிச் சாலையை விட்டு இறங்கினால், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள்ளேயே கர்நாடகத்து ஒய்சள மன்னர்கள் காலத்துக் கோயில் இடிபாடும், கற்காலத்துக்கு அடுத்த பெருங்கற்காலக் கல்லறைகளும், யானை நடமாடும் காடும் வந்துவிடும். ஒகேனக்கல்லை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மாவட்டத்தின் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இந்த வழிகாட்டி கிருஷ்ணகிரியில் தொடங்கி, ஓசூர் மேட்டுநிலம், அஞ்செட்டிக் காடு, காவிரி, தர்மபுரி என்று சுற்றி வரும் இரண்டு நாள் கார் பயணத்துக்கானது. இரு சக்கர வாகனத்திலும் போகலாம். எங்கே கூடாது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் ரூட்டின் கணக்கு

இந்த ரூட்டில் நேரம் தவறக் கூடாத இடம் ஒன்றே ஒன்றுதான். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டு ரோடு. ஏறக்குறைய 60 கி.மீ. அதை வெயில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அந்த ரோட்டை மையமாக வைத்துத்தான் அடுக்க வேண்டும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒகேனக்கல்லில் நாள் முழுக்கக் குளித்து, மீன் சாப்பிட்டு, மாலை ஐந்து மணிக்கு மேல் ஓசூர் திரும்ப அந்தக் காட்டு வழியைப் பிடிக்கிறார்கள். ஏற்ற ரோடு, இருட்டு, யானை, சிக்னல் கிடையாது. அதனால் நம் சுற்று இறங்குமுகமாக இருக்கட்டும். சனிக்கிழமை மேட்டிலிருந்து காவிரிக்கு இறங்கி, இரவு காவிரிக் கரையில் தங்கி, ஞாயிறு பெண்ணாகரம் வழியாகத் தர்மபுரிக்கு வந்துவிடலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. தர்மபுரிப் பக்கத்துக் கோயில்கள் மதியம் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தி மாலை நாலு வாக்கில் திறப்பார்கள். திறந்தவெளி இடிபாடுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் மதிய வெயிலில் பாறை மேல் நிற்க முடியாது. மேலும் உச்சி வெயிலில் சிற்பம் எல்லாம் தட்டையாகத் தெரியும்; வெளிச்சம் சாய்ந்து விழுந்தால்தான் புடைப்பும் எழுத்தும் கண்ணுக்குப் படும். காலையும் மாலையும் கல்லுக்கு, மதியம் மரநிழலுக்கும் மலை ரோட்டுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை முடிந்து காடு பச்சையாக இருக்கும், பாறை சுடாது, காலையில் ஓசூர்ப் பக்கம் பனிமூட்டம் இருக்கும். ஒரே தொந்தரவு, ராகி அறுவடையை ஒட்டி பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வரும் காலமும் அதுதான். காலையும் மாலையும் கூடுதல் கவனம் வேண்டும்.

ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை காவிரி பார்க்க அழகு, இறங்கத் தடை. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை வலுத்து அணைகள் நிரம்பினால் ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்துவிடும். பரிசலும் குளியலும் நிறுத்தப்படும். ஆடிப்பெருக்கு அன்று கூட்டத்துக்காகவே போகிறவர்கள் போகலாம், மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. ஏப்ரல், மே வெயிலில் இந்தப் பயணம் வேண்டாம். மே, ஜூனில் வந்தே தீர வேண்டும் என்றால் ஒரு ஆறுதல்: கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் ரோட்டோரம் முழுக்க மாம்பழம்.

வெள்ளிக்கிழமையே முடிக்க வேண்டியவை

ஒன்று, செய்தித்தாளில் பிலிகுண்டுலு நீர்வரத்தைப் பாருங்கள். கர்நாடகத்திலிருந்து தமிழகத்துக்குள் காவிரி நுழையும் இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்ன தண்ணீர் அளக்கப்படுவதும் அங்கேதான். அரசியல் செய்தியாக நாம் படித்துக் கடக்கும் அந்தக் கனஅடிக் கணக்கு, சுற்றுலாப் பயணிக்குப் பரிசல் ஓடுமா ஓடாதா என்று சொல்லும் கணக்கு. சில ஆயிரம் கனஅடி என்றால் நிம்மதி. பல்லாயிரத்தைத் தாண்டினால் அருவி பாறையோடு மூழ்கிக் கிடக்கும், வேடிக்கை மட்டும்தான்.

இரண்டு, தங்குமிடம். ஒகேனக்கல்லில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியும் தனியார் லாட்ஜ்களும் உண்டு. சனிக்கிழமை இரவுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். கிடைக்காவிட்டால் பெண்ணாகரத்திலோ தர்மபுரியிலோ தங்கலாம். ஒகேனக்கல்லிலிருந்து பெண்ணாகரம் 16 கி.மீ., தர்மபுரி 46 கி.மீ.

மூன்று, கையில் ரொக்கம். பரிசல் துறையிலும் மீன் கடையிலும் சிக்னல் இல்லாத நேரத்தில் போன் பணம் உதவாது. கூகுள் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அஞ்செட்டி ரோட்டில் பஞ்சர் கடையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம், வெள்ளி இரவே கிருஷ்ணகிரிக்கு வந்து படுத்துவிடுங்கள். சென்னை, பெங்களூர், சேலம் மூன்று பக்கத்து நெடுஞ்சாலையும் சந்திக்கும் ஊர் என்பதால் எந்த நேரத்தில் வந்தாலும் அறை கிடைக்கும். சனி காலை வீட்டிலிருந்து கிளம்பலாம் என்றால் முதல் இரண்டு இடங்களும் கைவிட்டுப் போகும்.

சனி காலை: குந்தாணியும் மல்லசந்திரமும்

ஆறு மணிக்குள் ஓசூர் ரோட்டைப் பிடித்து, குருபரப்பள்ளியில் வேப்பனப்பள்ளி பக்கம் திரும்புங்கள். தேட வேண்டிய ஊர் சின்னகொத்தூர். கல்வெட்டுகள் குந்தாணி என்று சொல்லும் பழைய தலைநகரம் இந்த வட்டாரத்தில் இருந்தது. ஒய்சள மன்னன் சோமேசுவரன் ராஜ்யத்தை இரண்டு மகன்களுக்குப் பங்கிட்டபோது வடக்குப் பக்கம் மூன்றாம் நரசிம்மனுக்கும் தமிழ்ப் பகுதி இராமநாதனுக்கும் போனது. திருச்சிப் பக்கம் கண்ணனூரில் இருந்து ஆண்ட இராமநாதன், பாண்டியர் கை ஓங்கியதும் அங்கே நிற்க முடியாமல் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குந்தாணிக்கு வந்து உட்கார்ந்தான்.

இன்று போனால் அரண்மனை எதுவும் கிடைக்காது. சிதைந்த கோயில்கள், கல்வெட்டுள்ள கற்கள், வயல் ஓரத்தில் நிற்கும் நடுகற்கள் இவைதான். பேலூர், ஹளபீடு மாதிரி செதுக்கல் வேலையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஒரு ராஜ்யம் சுருங்கிச் சுருங்கி ஒரு மூலைக்கு வந்து சேர்ந்தால் எவ்வளவு கட்ட முடியுமோ அவ்வளவுதான் கட்டியிருக்கிறார்கள். எனக்கு இந்த இடம் பிடிப்பதற்கு அதுவே காரணம். பலகையை நம்பாமல் ஊரில் கேளுங்கள்: “அண்ணா, பழைய கல்லு எழுத்து இருக்கிற கோயில் எந்தப் பக்கம்?” என்றால் யாராவது கையைக் காட்டுவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் வட்டாரம் இது. பதில் எதில் வந்தாலும் கை காட்டும் திசை புரியும். நிலம் தனியாருடையதாக இருந்தால் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எட்டு மணிக்குக் கிளம்பி நெடுஞ்சாலைக்குத் திரும்பி ஓசூர் பக்கமே போனால் சாமல்பள்ளம் வரும். அங்கிருந்து உள்ளே மல்லசந்திரம். ஊருக்குப் பக்கத்துப் பாறைக் குன்றின் மேல் பெருங்கற்காலக் கற்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. தமிழ்நாட்டில் இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு முழுதாக இவற்றைப் பார்க்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. மேலே ஏறும் தூரம் கொஞ்சம்தான், ஆனால் வழுக்குப் பாறை. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். நான்கு பக்கமும் ஒற்றைப் பலகைக் கற்கள், கூரைக்கு இன்னொரு பெரிய பலகை. சுவர்க் கற்களில் ஒன்றில் வட்டமாக ஒரு துளை. ஒரு குழந்தை தவழ்ந்து போகலாம், பெரியவர்கள் தோளை நுழைக்க முடியாது. திட்டையைச் சுற்றி வட்டமாக நட்ட பலகைக் கற்கள், சிலவற்றின் தலைப்பக்கம் அரைவட்டமாக வளைத்துச் செதுக்கப்பட்டிருக்கும். சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை நிறத்தில் ஓவியங்களும் உண்டு. டார்ச் அடித்துப் பார்க்கலாம், தொட வேண்டாம், உள்ளே நுழையவும் வேண்டாம். பல திட்டைகள் ஏற்கெனவே புதையல் தேடியவர்களாலும் கல் உடைத்தவர்களாலும் சரிந்துவிட்டன.

இவற்றைப் பாண்டவர் வீடு என்றும், வாலியர் வீடு, குள்ளர் வீடு என்றும் பல ஊர்களில் சொல்வார்கள். வீடு இல்லை, செத்தவர்களுக்கான ஈமச்சின்னம். கட்டியவர்களுக்கு இரும்பு தெரியும். இதே மாவட்டத்தில் பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்புதான் தமிழகத்தின் இரும்புக் காலக் கணக்கையே பின்னுக்குத் தள்ளியது. பின்னர் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வுத் தேதிகள் வந்து அதையும் தாண்டின, அது வேறு கதை.

கோட்டை ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு

மேலே சொன்ன இரண்டுக்கும் பதிலாக ராயக்கோட்டை மலைக்கோட்டையைக் காலையில் முதல் வேலையாக ஏறலாம். மூன்றையும் சேர்த்துச் செய்யாதீர்கள். பதினொரு மணிக்கு மேல் அந்தப் பாறையில் ஏறினால் மீதி நாள் வீணாகும். மேலே சுவர்களும் சுனைகளும் இடிந்த கட்டடங்களும் இருக்கின்றன, கீழே ஓசூர் தர்மபுரி ரயில் பாதையும் தக்காளித் தோட்டங்களும் தெரியும். திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் 1791-இல் ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள். அதே ஆண்டு கிருஷ்ணகிரிக் கோட்டை மேல் கர்னல் மேக்ஸ்வெல் நடத்திய தாக்குதல் தோற்றது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரம் முழுவதுமே கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. பின்னாளில் சென்னை மாகாண கவர்னரான தாமஸ் மன்றோ நிலவரி வேலை கற்றுக்கொண்டது அதன் பிறகு இந்தச் சீமையில்தான்.

மதியம்: தேன்கனிக்கோட்டை

மல்லசந்திரத்திலிருந்து சூளகிரி, உத்தனப்பள்ளி, கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டை. பன்னிரண்டுக்குள் சேர்ந்தால் பேட்டராய சுவாமி கோயிலைப் பார்க்கலாம். தவறினால் கவலைப்படாமல் சாப்பிடப் போங்கள். ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தளியைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்வதெல்லாம் இந்த உயரம் தரும் குளிரால்தான். தளிக்குப் போக ஆசை வரும், இந்தச் சுற்றில் அதற்கு நேரம் கிடையாது.

சாப்பாட்டில் ஒன்று சொல்ல வேண்டும். பிரியாணிக் கடைகளைத் தாண்டி, களி போடும் சின்ன மெஸ் ஏதாவது கண்ணில் பட்டால் அங்கே உட்காருங்கள். சூடான ராகிக் களி உருண்டை, கீரைக் கடைசல் அல்லது கோழிக் குழம்பு. குளிர்காலத்தில் வந்தால் பிதுக்குப் பருப்புக் குழம்பு கிடைக்குமா என்று கேளுங்கள். பச்சை மொச்சையை ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்வது. பனிக்காலம் முடிந்தால் அதுவும் முடிந்தது. களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் மென்று பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள்.

பெட்ரோல், தண்ணீர், கழிப்பறை எல்லாம் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு மேல் ஊரில் நிற்காதீர்கள்.

அஞ்செட்டிக் காட்டு ரோடு

பயணத்தின் உயிர் இந்தப் பகுதிதான். தேன்கனிக்கோட்டையைத் தாண்டியதுமே ராகி வயல்கள் விலகிக் காடு இரண்டு பக்கமும் நெருங்கி வரும். 2014-இல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி. ரோடு வளைந்து வளைந்து இறங்க, திடீரென்று ஒரு பக்கம் திறந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்: மேலகிரி மலைகளின் அடுக்கு, கீழே மூங்கில், ஓடைக் கரையில் வரிசையாக நீர்மருது. அந்த மருத மரங்களில் சாம்பல் நிற மலையணில் வாழ்கிறது. அண்ணாந்து பொறுமையாகப் பார்த்தால் கண்ணில் படலாம்.

அஞ்செட்டியில் டீ குடித்துவிட்டு நாட்றாம்பாளையம் ரோட்டைப் பிடியுங்கள். அங்கிருந்து ஒகேனக்கல் வரை காடும் சின்னச் சின்ன ஊர்களும் மாறி மாறி வரும். இறங்க இறங்க வெக்கை கூடுவது ஜன்னல் வழியாகவே தெரியும். மேட்டிலிருந்து காவிரி மட்டத்துக்குள் அறுநூறு மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். மொத்தம் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் குறைவாகத் தோன்றும், வளைவுகள் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாது.

இங்கே சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அஞ்செட்டியில் இருந்தால் காட்டுக்குள் போகாதீர்கள், பைக்காக இருந்தால் மூன்று மணியோடு சரி. தாமதமாகிவிட்டதா? தேன்கனிக்கோட்டையிலேயே முடிவெடுத்து, ராயக்கோட்டை, பாலக்கோடு, பெண்ணாகரம் வழியாகச் சுற்றி வாருங்கள். தூரம் கூட, ஆனால் ஊர்கள் நிறைந்த வழி. வனத்துறைச் சோதனைச் சாவடியில் போகக் கூடாது என்றால் வாதாடாமல் திரும்புங்கள்.

ரோட்டில் யானை நின்றால் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹாரன் கூடாது, லைட்டை அடித்து அணைக்கக் கூடாது, இறங்கவே கூடாது. என்ஜினை அணைக்காமல், பின்னால் வண்டி இல்லை என்றால் மெதுவாக ரிவர்ஸ் எடுத்து இடம் விடுங்கள். குட்டியோடு நிற்கும் கூட்டம் கடந்து முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள், கடைசியாக ஒன்று பின்தங்கி வரும். பாட்டிலைக் காட்டில் உடைத்துப் போடுகிறவர்கள் உங்கள் வண்டியில் இருந்தால் அடுத்த முறை கூட்டி வராதீர்கள். யானையின் பாதத்தில் ஏறும் கண்ணாடித் துண்டு அதன் உயிரையே எடுத்துவிடும்.

ஒகேனக்கல்: மாலையும் மறுநாள் காலையும்

சனி மாலை ஐந்து மணிக்குச் சேர்ந்தால் தொங்கு பாலத்துக்கும் ஐந்தருவி பார்க்கும் இடத்துக்கும் நடந்து வாருங்கள். பரிசல் வேண்டாம். அந்நேரத்தில் கூட்டம் அதிகம், வெளிச்சம் குறைவு. பரிசலை ஞாயிறு காலை கவுன்டர் திறக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பரிசல்கள் போகும்போது பாறை இடுக்கில் தண்ணீர் இன்னும் நிழலில் இருக்கும். இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது பரிசல்காரர் ஒரு துடுப்புத் தள்ளலில் வட்டத் தட்டைச் சுழல விடுவார். பயந்தால் சொல்லிவிடுங்கள், நிறுத்திவிடுவார்.

கட்டணத்தைக் கவுன்டரில் செலுத்தி ரசீது வாங்குங்கள். பரிசலில் எத்தனை பேர், எவ்வளவு தூரம், எந்தெந்த இடம் என்று ஏறும் முன்பே பேசிக்கொண்டால் நடுஆற்றில் மனக்கசப்பு வராது. லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிடாமல் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் சுழலும் குழியும் உண்டு, ஆற்றில் முதலைகளும் உண்டு. வருஷா வருஷம் உயிர் போகிறவர்களில் நீச்சல் தெரிந்தவர்கள்தான் அதிகம் என்று கரையில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

எண்ணெய் மசாஜ் இங்கே ஒரு தனித் தொழில். அருவிக் குளியலுக்கு முன்னால் பாறை மேல் உட்காரவைத்துத் தட்டித் தேய்த்துவிடுவார்கள். உடம்பு வலி உள்ளவர்களுக்குச் சுகம். முதுகுத்தண்டுப் பிரச்சினை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பலத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். மீன் விஷயத்தில் ஒரு வழக்கம்: நீங்களே கடையில் மீனைத் தேர்ந்தெடுத்து எடைபோட்டு வாங்கி, சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். இதைச் சனி இரவோ காலையிலோ செய்ய முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், ஞாயிறு மதியம் வரை நின்றால் தர்மபுரி கைநழுவும்.

ஒன்பதரைக்குள் கிளம்பிப் பெண்ணாகரம் மலைச்சாலையில் ஏறுங்கள். அந்த ரோட்டோரத்தில் குரங்குகளுக்குத் தீனி போடுவதற்காக வண்டியை நிறுத்தாதீர்கள். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-இல் மறைந்த பாப்பாரப்பட்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது, வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள் அந்த வழியாகச் சுற்றி வரலாம்.

தர்மபுரி கோட்டைக் கோயில்கள்

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். சங்கப் பாட்டில் மட்டும் வரும் ராஜா என்று நினைத்திருந்தவனின் பெயர் திருக்கோயிலூர் பக்கம் ஜம்பையில் 1981-இல் பாறையில் வெட்டிய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டாகவே கிடைத்தது. ஆனால் இன்று ஊரில் அதியமான் காலத்துக் கட்டடம் எதையும் தேட வேண்டாம். இருப்பது அவனுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்த நொளம்பர் என்ற அரச மரபினரின் கைவேலை.

கோட்டைப் பகுதியில் மல்லிகார்ஜுனர் கோயிலும் கல்யாண காமாட்சி அம்மன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். நொளம்பர் தலைநகர் இன்றைய ஆந்திராவில் உள்ள ஹேமாவதி. 9-ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஆட்சி இங்கே வரை நீண்டது. மல்லிகார்ஜுனர் கோயில் மண்டபத்தில் எல்லோரும் தேடுவது தொங்கும் தூண்களை. ஒரு துண்டையோ காகிதத்தையோ அடியில் விட்டு இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுக்கலாம். கோயிலில் இருப்பவர்களே செய்து காட்டுவார்கள். தளத்தின் பாரத்தை மற்றத் தூண்கள் ஏற்றுக்கொள்கின்றன என்பதால் விழாமல் நிற்கிறது. அதைப் பார்த்து வியந்துவிட்டு உடனே வெளியேறிவிடாதீர்கள், அண்ணாந்து விதானத்தையும் பாருங்கள். எட்டுத் திசைக் காவலர்களின் சிற்பம் அங்கே இருக்கிறது. அம்மன் கோயிலில் கருவறையைச் சுற்றி வரும்போது சுவரை விட அடித்தளத்தைக் கவனியுங்கள். ராமாயணக் காட்சிகள் சாண் உயரத்தில் வரிசையாக ஓடுகின்றன. குனிந்து, முடிந்தால் உட்கார்ந்தே நகர வேண்டும்.

மதியம் வத்தல்மலை, மாலை அதியமான்கோட்டை

நடை சாத்தியதும் சாப்பிட்டுவிட்டு வத்தல்மலைக்குப் போகலாம். தர்மபுரியிலிருந்து சுமார் 25 கி.மீ., இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேலே சில்வர் ஓக் நிழலில் காபி, அதன் மேல் படர்ந்த மிளகு. ஏற்காடு மாதிரி போட் ஹவுஸ், பொம்மைக் கடை எல்லாம் கிடையாது; தார் ரோடு ஏறி அதிக காலம் ஆகவில்லை. வளைவுகளில் நிறுத்திப் பார்த்தால் தர்மபுரிச் சமவெளி முழுவதும் ஏரியும் குன்றுமாகக் கீழே விரியும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் கருகல் வாடை வரும். ஓட்டுகிறவர் களைத்துப் போயிருந்தால் மலையை விட்டுவிட்டுத் தர்மபுரியில் ஒரு தூக்கம் போடுவது மேல்.

நாலரைக்கு அதியமான்கோட்டை. சேலம் ரோட்டில் கொஞ்ச தூரம்தான். சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன; மங்கியும் உதிர்ந்தும் போனவை, கண் பழக சில நிமிடம் ஆகும். ஃபிளாஷ் போடாதீர்கள். பக்கத்துக் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமி அன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வருகிற கூட்டத்தில் ரோடே நகராது. நீங்கள் போகும் ஞாயிறு அஷ்டமியா என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழி

பெங்களூர் பக்கம் போகிறவர்கள் அதியமான்கோட்டையைச் சுருக்கி, வெளிச்சம் இருக்கும்போதே காவேரிப்பட்டணத்துக்கு வந்தால் தென்பெண்ணைக் கரையில் பெண்ணேஸ்வரமடம் பார்க்கலாம். பெண்ணேஸ்வரர் கோயிலில் சோழர், ஒய்சளர் கல்வெட்டுகள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் கோயிலை விட வெளியே வரிசையாக நிற்கும் நடுகற்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். ஆநிரை கவர்தலிலோ ஊரைக் காத்தோ செத்த வீரர்களுக்கு நட்டவை. இந்த வட்டாரத்து நடுகல்லைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்: கீழ் அடுக்கில் வாளோ வில்லோ ஏந்திப் போரிடும் ஆள், நடுவில் அவனை இரு பக்கமும் தாங்கித் தூக்கிப் போகும் தேவமங்கையர், உச்சியில் அவன் சேர்ந்த சிவலோகம், லிங்கம். எல்லாக் கல்லிலும் மூன்று அடுக்கும் இருக்காது. சிலவற்றில் ஆள் மட்டும் நிற்பான், காலடியில் ஒரு மாடு.

சென்னை போகிறவர்களுக்கு வேறு யோசனை. வத்தல்மலை, அதியமான்கோட்டை இரண்டையும் விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரூர் போய்விடுங்கள், 40 கி.மீ. அங்கிருந்து 16 கி.மீ.-இல் தீர்த்தமலை. அருணகிரிநாதர் பாடிய தலம். மலை மேல் தீர்த்தகிரீசுவரர், வடிவாம்பிகை. ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி என்று ஐந்து தீர்த்தங்கள் பாறையிலிருந்து வழிகின்றன. ராமர் தீர்த்தம் உயரத்திலிருந்து நேராகத் தலையில் விழும். மூன்றரைக்கு ஏறத் தொடங்கினால் வெயில் மலைக்குப் பின்னால் போயிருக்கும், படிகளில் அங்கங்கே உட்கார்ந்து போகலாம். பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். ஆறு மணிக்குள் கீழே இறங்கித் தண்டராம்பட்டு வழியாகத் திருவண்ணாமலை போய் இரவுச் சாப்பாட்டை முடித்தால், அங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை. பௌர்ணமி ஞாயிறாக இருந்தால் திருவண்ணாமலைப் பக்கம் தலைவைக்காமல் அரூரிலிருந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக வாணியம்பாடிக்குப் போய் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.